சூடானால் நின்றுவிடும் 1992 மாருதி 800: பெட்ரோல் குறையா, கரண்ட் குறையா?

அல்சூர் 800:

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 1992 மாடல் மாருதி 800. 796 சி.சி., மூன்று சிலிண்டர், கார்பரேட்டர், நான்கு கியர், பாயிண்ட் வைத்த டிஸ்ட்ரிபியூட்டர் (பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்துக்கொடுப்பது). அலுவலகத்துக்கு மெட்ரோவில் போகிறவன் நான். இந்த வண்டி ஞாயிற்றுக்கிழமைக்காகவே வாங்கியது. கையில் கிரீஸ் படவேண்டும் என்பதுதான் நோக்கம். இப்போது தேவைக்கு மேலேயே படுகிறது.

குறை இதுதான். காலையில் சோக்கை இழுத்துச் சாவியைத் திருப்பினால் உடனே உயிர் வந்துவிடுகிறது. பெங்களூர் விமான நிலையச் சாலையில் 70, 80 வேகத்தில் எவ்வளவு நேரம் ஓட்டினாலும் ஒரு சிணுங்கல் கிடையாது. சில்க் போர்டு பக்கம் நெரிசலில் ஊர்ந்து போனால் மட்டும் முதலில் இழுவை குறைகிறது, பிறகு இரண்டு முறை விக்குகிறது, அப்புறம் நின்றுவிடுகிறது. அரை மணி நேரம் போனட்டைத் திறந்து வைத்தால் ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகிறது. நன்றாக ஓடிவந்த வண்டியை அணைத்துவிட்டு, கடையில் காபி குடித்துத் திரும்பினாலும் இதே கதை. வெப்பநிலை முள் நடுவைத் தாண்டுவதில்லை. ரேடியேட்டர் பேன் ஒழுங்காகச் சுற்றுகிறது.

மாற்றியவை: கன்டென்சர், பாயிண்ட், இக்னிஷன் காயில், பிளக் மூன்றும், பெட்ரோல் பில்டர். பலன் இல்லை. ஒரு பட்டறையில் புதுக் கார்பரேட்டர் போடச் சொன்னார்கள். இன்னொன்றில், எஞ்சினையே தூக்கிவிட்டு, கார்பரேட்டர் இல்லாமல் பெட்ரோலை நேராகப் பீச்சும் எம்.பி.எப்.ஐ. எஞ்சின் வைக்கலாம் என்று ஆசை காட்டினார்கள்.

முந்தைய உரிமையாளர் செய்த அலங்காரங்கள்: எஞ்சின் புகையை வெளியே எடுக்கும் இரும்புக் குழாய் ஹெடர், சத்தமான சைலன்சர், கூம்பு வடிவ ஏர் பில்டர், 13 அங்குல அலாய் சக்கரம். சக்கரத்துக்கும் இந்தக் குறைக்கும் சம்பந்தமில்லை என்று தெரியும். மறைத்தேன் என்று யாரும் சொல்லக்கூடாது என்பதால் எழுதுகிறேன்.

இன்னொன்று: வண்டி நிற்கும் நேரத்தில் கண்ணாடி போன்ற அந்தப் பெட்ரோல் பில்டர் பாதிதான் நிரம்பியிருக்கிறது. இதுதான் காரணமா?

மர்பி டவுன் வாசி:

காயில்தான் நண்பரே. சூடானால் உள்ளே சுற்றுக் கம்பி விலகிக் கரண்ட் விட்டுவிடும், ஆறினால் ஒட்டிக்கொள்ளும். புதுக் காயில் என்றாலும் இப்போது வருவதில் பாதி போலி. ஜே.சி. சாலையில் நம்பிக்கையான கடையில் வாங்கி இன்னொரு முறை மாற்றிப் பாருங்கள்.

ஹெசரகட்டா கேரேஜ்:

பெட்ரோல் ஆவியடைப்புதான் இது, அதாவது பெட்ரோல் வழியிலேயே ஆவியாகி ஓட்டத்தை அடைத்துவிடுகிறது, சந்தேகமே வேண்டாம். எலக்ட்ரிக் பம்ப் ஒன்றை டேங்க் பக்கம் மாட்டுங்கள், தீர்ந்தது. நான் என் பழைய வண்டிக்கு அப்படித்தான் செய்தேன்.

தங்கவயல்காரன்:

தம்பி, பொறுங்கள். ஒருவர் காயில் என்கிறார், ஒருவர் பம்ப் என்கிறார். இருவரும் சொல்வது நடக்கக்கூடியதுதான். ஆனால் நீங்கள் ஏற்கெனவே ஐந்து சாமான் மாற்றிவிட்டீர்கள். ஆறாவதை வாங்குவதற்கு முன், வண்டி நின்ற அந்த இடத்திலேயே அதை விசாரிக்கவேண்டும். வீட்டுக்கு வந்து ஆறிய பிறகு பார்த்தால் எல்லாச் சாமானும் நல்ல பிள்ளையாகத்தான் இருக்கும்.

வண்டியில் ஒரு பழைய பிளக்கும் ஒரு ஸ்குரூடிரைவரும் வைத்துக்கொள்ளுங்கள். நின்றவுடன் ஓரம் கட்டி, முதலில் கரண்ட். ஒரு பிளக் ஒயரைக் கழற்றி அந்தப் பழைய பிளக்கில் செருகி, பிளக்கின் உலோகப் பகுதி எஞ்சின் இரும்பில் படும்படி வைத்து, வேறு ஒருவரைச் சாவி திருப்பச் சொல்லுங்கள். நீல நிறத்தில் சுளீரென்று பொறி வந்தால் இக்னிஷன் நிரபராதி. மஞ்சளாகச் சோம்பலாக வந்தாலோ வராவிட்டாலோ மர்பி டவுன்காரர் சொல்வது சரி. கார்பரேட்டரைத் திறந்து வைத்துக்கொண்டு இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். பெட்ரோல் ஆவியும் பொறியும் சந்தித்தால் வண்டி மிஞ்சாது.

அது முடிந்ததும் சாவியை எடுத்துவிட்டு, கூம்பு பில்டரைக் கழற்றிக் கார்பரேட்டரின் வாய்க்குள் பாருங்கள். ஆக்சிலரேட்டர் நெம்புகோலைக் கையால் ஒரு தள்ளு தள்ளினால் உள்ளே ஊசி போல ஒரு பெட்ரோல் பீச்சல் வரவேண்டும். வந்தால், கார்பரேட்டருக்குள் பெட்ரோல் தேங்கி நிற்கும் கிண்ணத்தில் பெட்ரோல் இருக்கிறது. வராவிட்டால் கிண்ணம் காலி.

மூன்றாவது சாத்தியம் ஒன்று உண்டு, அதைத்தான் பலரும் விட்டுவிடுவார்கள். எஞ்சினை அணைத்தபின் கிண்ணத்திலுள்ள பெட்ரோல் கொதித்து, ஜெட் எனும் சிறு துளை வழியாக உள்ளே வழிந்து, எஞ்சினை மூழ்கடிக்கும். அப்போது பெட்ரோல் நாற்றம் மூக்கைத் துளைக்கும், பிளக் ஈரமாக இருக்கும். ஆவியடைப்பில் பெட்ரோல் போதாது, இதில் மிதமிஞ்சிப் போகிறது. இரண்டுக்கும் அம்மா சூடுதான், ஆனால் மருந்து நேர் எதிர். மூழ்கியிருந்தால் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தபடி ஸ்டார்ட் செய்யவேண்டும். மாறாக, விட்டு விட்டு மிதித்தால் இன்னும் மூழ்கும்.

பில்டர் பாதி காலியாகத் தெரிவது குறையின் அடையாளம் அல்ல. நன்றாக ஓடும் பல வண்டிகளில் அப்படித்தான் இருக்கும்.

ஹெசரகட்டா தம்பிக்கு: எலக்ட்ரிக் பம்ப் கெட்ட யோசனை அல்ல, ஆனால் கடைசி யோசனை. எம்.பி.எப்.ஐ. வண்டியின் பம்பை எடுத்து மாட்டினால் அது சுமார் 3 பார் அழுத்தத்தில் தள்ளும். கார்பரேட்டரின் ஊசி வால்வு தாங்குவது அதில் பத்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் முன்னே பின்னே. கிண்ணம் பொங்கி எஞ்சின்மேல் வழியும். கார்பரேட்டருக்கென்றே வரும் குறைந்த அழுத்தப் பம்ப் போட்டாலும், விபத்தில் எஞ்சின் நின்றால் பம்பும் தானாக நிற்க ஆயில் பிரஷர் சுவிட்ச் வழியாக ஒரு ரிலே வைக்கவேண்டும். அதைச் செய்யாமல் சாவியிலிருந்து நேராக ஒயர் இழுத்து ஓட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும்.

ஹெசரகட்டா கேரேஜ்:

ஐயா சொல்வது சரி. என்னுடையது குறைந்த அழுத்தப் பம்ப்தான், ரிலேயும் இருக்கிறது. முதல் பதிவில் அதை எழுதவில்லை, அவ்வளவுதான்.

அல்சூர் 800:

நன்றி ஐயா. ஞாயிறு மாலை வேண்டுமென்றே டோம்லூர் மேம்பாலத்துக்குக் கீழே நெரிசலில் போய் நிற்கவைத்தேன். நெரிசலைத் தேடிப் போன பெங்களூருக்காரன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். பின்னால் நின்ற ஆட்டோக்காரர் கன்னடத்தில் சொன்னதை இங்கே எழுதமுடியாது.

பொறி: நீலம், நல்ல சுளீர். பீச்சல்: ஒரு சொட்டுகூட இல்லை. நாற்றம் இல்லை, பிளக் காய்ந்து கிடக்கிறது. பம்பைத் தொடமுடியவில்லை, அவ்வளவு சூடு. தண்ணீரில் நனைத்த துணியைப் பம்பின்மேல் போட்டேன். சில நிமிடங்களில் ஸ்டார்ட் ஆகிவிட்டது.

அப்படியானால் பம்பை மாற்றிவிடலாமா?

தங்கவயல்காரன்:

ஈரத்துணி சாட்சி சொல்லிவிட்டது, ஆவியடைப்புதான். ஆனால் பம்ப் குற்றவாளி என்று இன்னும் தீர்ப்பாகவில்லை. இந்த வண்டி நெரிசலில்தான் நிற்கிறது, 80-இல் நிற்பதில்லை என்று முதலிலேயே எழுதினீர்கள் அல்லவா? விடை அதற்குள்தான் இருக்கிறது.

மாருதி 800-இன் பம்ப் எஞ்சின்மீதே போல்ட் போட்டு உட்கார்ந்திருக்கிறது, கேம் ஷாஃப்ட் அதைத் தட்டி இயக்குகிறது. டேங்க் வண்டியின் பின்னால். அவ்வளவு தூரத்திலிருந்து பெட்ரோலை அது உறிஞ்சவேண்டும். உறிஞ்சும் குழாயில் அழுத்தம் குறைவதால் அங்கே பெட்ரோல் சுலபமாகக் கொதிக்கும். நம் ஊர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே. காற்றழுத்தமே பத்தில் ஒரு பங்கு குறைவு. சென்னையில் கொதிக்காதது இங்கே கொதிக்கும்.

அதற்குமேல் இப்போதைய பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். எத்தனாலின் கொதிநிலை 78 டிகிரி செல்சியஸ், அதனால் பயமில்லை என்று சிலர் சொல்வார்கள். தனியாக இருக்கும்வரை அது உண்மை. பெட்ரோலோடு கலக்கும்போது கலவையின் ஆவியழுத்தம் வெறும் பெட்ரோலைவிட ஏறிவிடுகிறது. 10 சதவீத அளவில் ஏற்றம் அதிகம், 20-இல் கொஞ்சம் தணியும், ஆனாலும் ஏற்றம் ஏற்றம்தான். அந்தக் காலத்தில் இந்த வண்டியை வடிவமைத்தவர்கள் இதையெல்லாம் கணக்கில் எடுத்திருக்க வழியில்லை.

இவ்வளவு இருந்தும் பழைய வண்டிகள் பல ஓடுகின்றன. காரணம் ரிட்டர்ன் குழாய். பம்ப் எஞ்சினுக்குத் தேவையானதைவிட அதிகம் இழுக்கும். மிச்சம் மூன்றாவது குழாய் வழியாக டேங்குக்குத் திரும்பும். போகிற பெட்ரோல் சூட்டையும் கூடவே எடுத்துக்கொண்டு போகும். அந்த வழி அடைபட்டால்? வேகமாக ஓட்டும்போது எஞ்சினே நிறையக் குடிப்பதால் பம்புக்குள் புதிய பெட்ரோல் வந்துகொண்டே இருக்கும், குறை தெரியாது. நெரிசலில் ஐட்லிங்கில் சொட்டுச் சொட்டாகத்தான் செலவாகும். மிச்சம் சூடான பம்புக்குள்ளேயே நின்று வேகும்.

எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு, திறந்த வெளியில், பம்பிலிருந்து ரிட்டர்ன் ஹோஸைக் கழற்றுங்கள். டேங்க் மூடியைத் திறந்துவிட்டு, சைக்கிள் பம்பால் அந்த ஹோஸுக்குள் மெதுவாகக் காற்றடியுங்கள். டேங்க் பக்கம் காற்று போகும் சத்தம் கேட்கவேண்டும். வாயால் ஊதவேண்டாம்.

மர்பி டவுன் வாசி:

காயில் வாதத்தை வாபஸ் வாங்குகிறேன். ஹெடரையும் கவனியுங்கள். கம்பெனி வார்ப்பிரும்பு மேனிபோல்டுக்கு மேலே ஒரு தகடு இருக்கும். ஹெடர் போடுகிறவர்கள் அதைப் பழைய இரும்பில் போட்டுவிடுவார்கள். மெல்லிய குழாய், மறைப்பு இல்லை, போனட்டுக்குள் அடுப்புதான்.

அல்சூர் 800:

கண்டுபிடித்தாயிற்று!

சைக்கிள் பம்பை அழுத்தினால் கை திரும்பி வந்தது, காற்று ஒரு துளியும் போகவில்லை. வண்டியைத் தாங்கிகளில் ஏற்றிக் கீழே படுத்துப் பார்த்தேன். டேங்க் அருகே ரிட்டர்ன் ரப்பர் ஹோஸ் வெடித்திருக்கிறது. எந்தக் காலத்திலோ எந்தப் பட்டறையிலோ யாரோ ஒரு புண்ணியவான், ஹோஸை மாற்றச் சோம்பல்பட்டு, அதன் வாயில் ஒரு போல்ட்டைத் திணித்துக் கிளாம்ப் போட்டு இறுக்கியிருக்கிறார். ஒழுகல் நின்றது. வண்டியும் நின்றது.

முன்னும் பின்னும் இருந்த எல்லா ரப்பர் ஹோஸையும் எடுத்துவிட்டேன். உள்பக்கம் பிசுபிசுவென்று ஊறி, விரலால் அழுத்தினால் கறுப்பாக ஒட்டுகிறது. ஜே.சி. சாலையில் எத்தனால் தாங்கும் ஹோஸ் கேட்டு வாங்கினேன். முதல் கடையில் தண்ணீர்க் குழாய் போன்ற ஒன்றை நீட்டி ‘எல்லாம் ஒன்றுதான் சார்’ என்றார்கள். ஹோஸின்மேல் அச்சிட்டிருக்கும் தரக்குறியைப் பார்த்து வாங்குங்கள் என்று இதைப் படிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன். பம்ப் பழையதே.

இன்று மீண்டும் டோம்லூர், பிறகு சில்க் போர்டு. நிற்கவில்லை. நந்தி மலை ஏறிப் பார்த்தேன். அங்கே மேலே வண்டியை அணைத்து, கால் மணி கழித்து ஸ்டார்ட் செய்தபோது மட்டும் கொஞ்ச நேரம் தடுமாறியது, லேசாகப் பெட்ரோல் வாசமும் வந்தது. இதற்கு என்ன செய்வது? எத்தனாலுக்காக மெயின் ஜெட்டைப் பெரிதாக்கவேண்டும் என்றும் ஒருவர் சொன்னார்.

தங்கவயல்காரன்:

போல்ட் போட்டவரை விடுங்கள், அவர் இன்னும் எத்தனை வண்டிக்குப் போட்டிருக்கிறாரோ.

வாசம் வந்தது என்றால் அது நான் சொன்ன மூன்றாவது வகை, கிண்ணம் லேசாகக் கொதிக்கிறது. நந்தி மலை உச்சி 1478 மீட்டர். ஏறிவந்த சூடு, மெல்லிய காற்று இரண்டும் சேர்ந்துகொண்டன. ஹெடருக்கும் கார்பரேட்டருக்கும் நடுவே அலுமினியத் தகட்டில் ஒரு மறைப்பு வெட்டி மாட்டுங்கள், இருபுறமும் காற்று போக இடைவெளி விட்டு. ஹெடரின்மேல் நாடா சுற்றச் சொல்வார்கள். சாதாரண இரும்புக் குழாயில் அது ஈரத்தைப் பிடித்துவைத்து, நம் மழைக்குச் சீக்கிரமே துருப்பிடிக்க வைக்கும். கார்பரேட்டருக்கு அடியிலும் பம்புக்கு அடியிலும் இருக்கும் வெப்பத்தடுப்புத் துண்டுகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். வெறும் காகித கேஸ்கெட் மட்டும் இருந்தால் அதையும் சரிசெய்யவேண்டும். பம்புக்கு அடியிலுள்ள துண்டின் தடிமனை நீங்களாகக் கூட்டவேண்டாம், பம்பின் நெம்புகோல் வீச்சு குறைந்துவிடும்.

ஜெட்டை இப்போது தொடாதீர்கள். எடையில் ஒரு பங்கு பெட்ரோல் முழுதாக எரிய 14.7 பங்கு காற்று வேண்டும், இந்த 20 சதவீதக் கலவைக்கு ஏறக்குறைய 13.5. அதாவது பழைய ஜெட்டில் கலவை மெலியும் (காற்று அதிகம், எரிபொருள் குறைவு), உண்மைதான். ஆனால் நம் ஊர் உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் கார்பரேட்டர் வண்டி தானாகவே கொஞ்சம் கெட்டியான கலவையில், அதாவது எரிபொருள் கூடுதலாக, ஓடும். ஒன்றை ஒன்று பெருமளவு சரிக்கட்டிக்கொள்கிறது. நெடுஞ்சாலையில் நன்றாக ஓட்டி, வேகத்திலேயே அணைக்காமல் ஓரம் கட்டி நிறுத்தி, பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். இளம்பழுப்பு என்றால் வாயை மூடிக்கொண்டு ஓட்டுங்கள். வெள்ளையாக இருந்தால் அப்போது பேசலாம். கூம்பு பில்டரை எடுத்துவிட்டு கம்பெனி டப்பாவையே மாட்டினால் பாதி வேலை மிச்சம். போனட்டுக்குள் இருக்கும் சூடான காற்றைக் குடித்து இந்த எஞ்சினுக்கு என்ன பலம் வரப்போகிறது?

ஹெசரகட்டா கேரேஜ்:

ஒரு விஷயம் சேர்க்கிறேன். வாரக்கணக்கில் நிறுத்திவைப்பதாக இருந்தால் டேங்கைக் காலியாக விடாதீர்கள். எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். இரும்பு டேங்க் உள்ளே துருப்பிடித்துத் தூள் பில்டருக்கு வரும்.

சைலன்சர் விஷயமும் பாருங்கள். எப்.சி. (தகுதிச் சான்று) புதுப்பிக்கும்போது ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சத்தத்தைக் கேட்டே நிறுத்திவிடுவார்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவும், 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பும் கம்பெனி விவரக்குறிப்புக்கு மாறான மாற்றங்களுக்கு எதிராகத்தான் இருக்கின்றன. எம்.பி.எப்.ஐ. எஞ்சின் ஆசையைக் காட்டியவர் இதைச் சொல்லியிருக்கமாட்டார்.

அல்சூர் 800:

கம்பெனி ஏர் பில்டர் டப்பா ஒன்று சிவாஜிநகரில் பழைய சாமான் கடையில் கிடைத்தது, மூடியின் கிளிப் ஒன்று மட்டும் உடைந்திருக்கிறது. மேனிபோல்டின் மேல்தகடு எங்கும் கிடைக்கவில்லை. யாரிடமாவது கூடுதலாக இருந்தால் சொல்லுங்கள், வந்து வாங்கிக்கொள்கிறேன்.