எலக்ட்ரிக் எக்ஸாஸ்ட் கட்அவுட்: சூட்டில் மூட மறுக்கும் வால்வு, உங்களுக்கும் ஆனதா?

வி8பித்தன்:

சி5 கொர்வெட். இரண்டு பக்கமும் 3 இஞ்ச் எலக்ட்ரிக் கட்அவுட், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் பின்னால், சைலன்சருக்கு வெகு முன்னால். இங்கே எல்லோருக்கும் தெரிந்ததுதான்: ஸ்விட்சை அழுத்தினால் மோட்டார் ஒரு தகட்டைத் திருப்பித் திறக்கும், புகை சைலன்சருக்குப் போகாமல் நேராக வெளியே போகும். போட்டுச் சில மாதம் ஆகிறது. சத்தத்தில் குறையே இல்லை, சொல்ல வந்தது ஒரு ராத்திரியைப் பற்றி.

நெடுஞ்சாலையில் திறந்தே ஓட்டிவந்தேன். தெருமுனை திரும்பும்போது வழக்கம்போல மூடும் ஸ்விட்சை அழுத்தினேன். இடது மோட்டார் 'ங்ஙீ' என்று ஓடி நின்றது. வலது பக்கம் 'டிக்'. அவ்வளவுதான். மறுபடி அழுத்தினேன், மறுபடி டிக். பாதி எஞ்சின் அடக்கமாகவும் பாதி எஞ்சின் காட்டுக்கத்தலாகவும் ஓடினால் எப்படி இருக்கும் என்று கேட்டிருக்கிறீர்களா? முழுசாகத் திறந்திருக்கும்போது வருகிற சத்தத்தில் ஒரு ஒழுங்கு உண்டு. இது தப்புத்தாளம். முதல் மாடியில் ஒரு விளக்கு எரிந்தது, அப்புறம் எதிர்வீட்டில் ஒன்று. எஞ்சினை அணைத்துவிட்டு மிச்சத் தூரத்தை இறக்கத்தில் உருட்டியே போனேன். பவர் இல்லாத ஸ்டீயரிங் கல்லாகக் கனத்தது.

காலையில் பட்டறையில் லிஃப்டில் ஏற்றினால் வால்வு சமர்த்தாக மூடுகிறது! "நல்லாத்தானே சார் இருக்கு" என்று அனுப்பிவிட்டார்கள். ஆக, சூட்டில் மட்டும்தான் சிக்குகிறது. யாருக்காவது இப்படி ஆனதுண்டா? சத்தம் பற்றி அறிவுரை வேண்டாம், அது வீட்டிலேயே தாராளமாகக் கிடைக்கிறது.

கரிப்புகை:

அதே டிக் எனக்கும். மோட்டார் டப்பாவின் நாலு ஸ்க்ரூவைக் கழற்றிக் கவிழ்த்தேன். உள்ளங்கையில் வெள்ளை வெள்ளையாகத் தூள் கொட்டியது. பல்சக்கரம் நைலான். ஒரு பக்கம் பல்லே இல்லை, வழவழவென்று இருந்தது. கையில் விழுந்த அந்தத் தூளைப் பார்த்ததும் வந்த கோபம் இன்னும் போகவில்லை. எக்ஸாஸ்ட் பைப்புக்கு ஒரு சாண் பக்கத்தில் நைலானை வைக்க யாருக்குத் தோன்றியதோ!

பித்தன், உங்களுக்கும் பல்சக்கரம்தான். மோட்டாரை மாற்றுங்கள், முடிந்தது.

ஸ்பானர்ராஜா:

@கரிப்புகை, பல் போன மோட்டார் குளிர்ந்ததும் எப்படி மூடும்? அவர் என்ன எழுதியிருக்கிறார் என்று படித்தீர்களா? பல் போயிருந்தால் சூட்டிலும் ஓடாது, குளிரிலும் ஓடாது. மோட்டார் 'ர்ர்ர்' என்று சும்மா சுற்றிக்கொண்டிருக்கும், டிக் என்று நிற்காது. டிக் என்றால் மோட்டார் திணறுகிறது, கன்ட்ரோலர் கரண்டை வெட்டுகிறது என்று அர்த்தம். உங்கள் வண்டியிலும் முதலில் சிக்கியது தகடாகத்தான் இருக்கும். அதோடு மல்லுக்கட்டித்தான் பல் உதிர்ந்திருக்கிறது.

என் மஸ்டாங்கிலும் தகடுதான். சூட்டில் விரிந்து, ஓரத்தில் படிந்த கரியோடு சேர்ந்து பைப்பின் உள்சுவரில் கடித்துக்கொண்டது. என் கதை இவ்வளவுதான். ஆனால் கேட்காவிட்டாலும் சிலது சொல்லிவிடுகிறேன், பிறகு படிப்பவர்களுக்கு உதவும்.

முதலில் மோட்டார் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பாருங்கள். கீழே பார்த்தால் சேறும் தண்ணீரும் நேராக அதன் மேல்தான். பைப்பை ஒட்டிப் படுத்திருந்தால் சூடு. பக்கவாட்டில், கொஞ்சம் மேல்நோக்கி இருப்பதே நல்லது. நடுவில் ஒரு தகரத் தடுப்பு வைத்தால் இன்னும் நல்லது. அடுத்து ஸ்விட்ச். மலிவான செட்டில் வருவது ஆறு கால் உள்ள ஸ்விட்ச். அது மோட்டாருக்குப் போகிற ப்ளஸ் மைனஸைத் தலைகீழாக்குகிறது, வேறு ஒரு மூளையும் கிடையாது. தகடு மூடி முட்டிக்கொண்ட பிறகும் விரலை எடுக்காமல் அழுத்தினால், ஓடும்போது எடுப்பதைப் போலப் பல மடங்கு கரண்ட் எடுத்து மோட்டார் வெந்துவிடும். முட்டியதும் தானே நிறுத்துகிற கன்ட்ரோலர் உள்ள செட்டாகப் பாருங்கள். ஃப்யூஸை பேட்டரிக்குப் பக்கத்தில் வையுங்கள். வயர் தரையில் உரசி ஷார்ட் ஆனால் ஸ்விட்சுக்குப் பக்கத்தில் இருக்கிற ஃப்யூஸ் ஒன்றும் செய்யாது.

சிக்குகிற தகட்டுக்கு எண்ணெய் ஊற்றாதீர்கள். எண்ணெய் கரியோடு சேர்ந்து பசையாகும், மறுநாள் இன்னும் மோசம். உலர்ந்த கிராஃபைட் போதும். திறக்காமலே வைத்திருப்பவர்கள் வாரத்துக்கு ஒரு தடவையாவது திறந்து மூடுங்கள். நிறையப் பேர் திறந்து வைப்பதால் கெடுகிறது என்கிறார்கள். நான் பார்த்தவரை மூடியே கிடப்பதுதான் அதிகம் சிக்குகிறது. வெல்டிங்குக்கு முன் பேட்டரியைக் கழற்றச் சொல்லுங்கள். தலையாட்டிவிட்டுக் கழற்றாமல் வைப்பார்கள், பக்கத்திலேயே நில்லுங்கள்.

டர்போதம்பி:

தகடு சிக்கினாலாவது தெரிகிறது. சரியாக மூடாமல் லேசாகக் கசிந்தால் தெரியவே தெரியாது.

என்னுடையது பழைய டர்போ கார், டர்போவுக்குப் பின்னால் வரும் டவுன்பைப்பில் ஒரே ஒரு ஆக்ஸிஜன் சென்சார். பட்டறையில் இடம் பார்க்கிறேன் என்று சொல்லி அந்தச் சென்சாருக்குக் கையகலம் தள்ளி கட்அவுட்டை வெல்டு அடித்துவிட்டார்கள். மூடி ஓட்டினால் அமைதி, எல்லாம் சரி. ஆனால் செக் எஞ்சின் லைட், பி0171. கலவையில் பெட்ரோல் போதவில்லையாம். இன்ஜெக்டரைச் சுத்தம் செய்தார்கள், ஏர் ஃப்ளோ மீட்டரை மாற்றினார்கள், வேக்யூம் குழாய் எல்லாம் தடவிப் பார்த்தார்கள். கூட்டுகிற பில் மட்டும் சரியாக வந்தது.

கடைசியில் நானே ஸ்கேனரைச் சொருகிக்கொண்டு காருக்கு அடியில் படுத்தேன். ஐடிலில் ஃப்யூல் ட்ரிம், அதாவது கம்ப்யூட்டர் கூட்டியோ குறைத்தோ ஊற்றுகிற பெட்ரோலின் சதவீதம், ப்ளஸ் 18 காட்டியது. தடித்த தோல் கையுறையோடு மடித்த ஈரத்துணியை கட்அவுட் வாயில் வைத்து அழுத்தினேன். நம்பர் இறங்கத் தொடங்கியது. 15, 11, 7... துணியை எடுத்தால் மெல்ல ஏறுகிறது, வைத்தால் இறங்குகிறது. ஐடிலில் புகை துடிப்பு துடிப்பாகத்தான் போகும். இரண்டு துடிப்புக்கு நடுவில் அழுத்தம் குறையும்போது மூடாத இடுக்கு வழியாக வெளிக்காற்று உள்ளே வருகிறது. சென்சார் அந்த ஆக்ஸிஜனைப் பார்த்துவிட்டு 'பெட்ரோல் போதவில்லை' என்கிறது, கம்ப்யூட்டர் ஊற்றோ ஊற்றென்று ஊற்றுகிறது. பட்டறைக்கு அந்த வீடியோவையே அனுப்பினேன். பதில் இல்லை.

சென்சார்கள் எல்லாவற்றையும் தாண்டி, நன்றாகத் தள்ளி வையுங்கள்.

ஆறாவதுகியர்:

எனக்கு ஒரு சந்தேகம். கட்அவுட் திறந்தால் பேக் பிரஷர் (புகைக்கு எதிரான அழுத்தம்) போய் டார்க் (இழுவிசை) குறையும் என்கிறார்களே? திறந்ததும் கீழ் ஆர்பிஎம்மில் என் வண்டி சோம்பலாகத்தான் இழுக்கிறது. எஞ்சின் சக்தியை அளக்கும் டைனோவில் ஏற்றித் திறந்தும் மூடியும் பார்த்தபோது மட்டும் இரண்டு கோடும் ஒன்றன்மேல் ஒன்று படுத்திருந்தன. மேலே, ரெட்லைன் பக்கத்தில்தான் துளி இடைவெளி. டைனோக்காரர் சிரித்துக்கொண்டே பிரிண்ட் எடுத்துக் கொடுத்தார். அந்தச் சிரிப்புதான் உறுத்துகிறது.

பழையஎஞ்சின்:

தம்பி, டைனோ சொன்னதே சரி. எஞ்சினுக்கு எதிரழுத்தம் தேவை என்பது பல காலமாகச் சுற்றுகிற பேச்சு. கீழ் ஆர்பிஎம்மில் உதவுவது புகையின் வேகம், ஒரு சிலிண்டரின் புகை அடுத்ததன் புகையை இழுத்துப்போவது. அது எஞ்சினிலிருந்து புகையை வெளியே எடுக்கிற ஹெடர் பைப்பின் நீளத்திலும் விட்டத்திலும் முடிவாகிற விஷயம். கன்வெர்ட்டருக்குப் பின்னால் நீ ஓட்டை போட்டால் அதில் பெரிதாக ஒன்றும் மாறாது. சைலன்சர் ஏற்கெனவே நன்றாக விடுகிற வகை என்றால் உனக்குக் கிடைப்பது சத்தம் மட்டும். சத்தம் கூடியிருக்கும்போது காது அதிக வேகத்தை எதிர்பார்க்கும், அது கிடைக்காததால் சோம்பலாகத் தோன்றியிருக்கும்.

டர்போ வண்டியில் கதை வேறு. டர்பைனுக்குப் பின்னால் அழுத்தம் குறைந்தால் சீக்கிரம் சுழலும், பலன் நிஜமாகவே உண்டு. ஆனால் மிச்சப் புகையை டர்பைனுக்குப் போகாமல் திருப்பிவிடும் வேஸ்ட்கேட் சின்னதாக இருந்தால் பூஸ்ட், அதாவது டர்போ எஞ்சினுக்குள் தள்ளும் காற்றழுத்தம், கட்டுக்கு மீறி ஏறும். @டர்போதம்பி, திறந்து வைத்து பூஸ்ட் மீட்டரைப் பார்த்தாயா? ட்யூன் செய்தவரிடம் கட்அவுட் இருப்பதைச் சொன்னாயா?

இன்னொன்று. இதைப் புதுச்சரக்கு என்று நினைக்காதீர்கள். 1910களின் கார்களிலேயே காலால் மிதித்துத் திறக்கும் கட்அவுட் இருந்தது. மேடு ஏறும்போது மிதிப்பார்கள். ஊருக்குள் மிதிக்கக் கூடாதென்று அமெரிக்க நகரங்கள் பலவும் அப்போதே தடை போட்டன. மோட்டார் வந்தது மட்டும்தான் புதிது, வம்பு பழசு.

டர்போதம்பி:

பார்த்தேன் ஐயா, ஏறுகிறது. அதை வேறு நாள் பேசுவோம்.

பக்கத்துசீட்டுக்காரி:

எல்லாரும் சத்தம், குதிரைத்திறன் என்றே பேசுகிறீர்கள். நான் ஓட்டுவதில்லை, என் வீட்டுக்காரரின் நிஸான் 370இசட்டில் பக்கத்து சீட்டில் உட்காருகிறவள். கட்அவுட் போட்ட பிறகு வெளியே போய்வந்தாலே எனக்குத் தலைவலி. "சத்தம் பழகலை உனக்கு" என்றார். சரி என்று காதில் பஞ்சு வைத்துக்கொண்டேன். வலி குறையவில்லை.

கையடக்க கார்பன் மோனாக்சைடு மீட்டர் ஒன்றை வாங்கி சன் வைசரில் மாட்டினேன். மூடி ஓட்டும்போது பூஜ்யம். திறந்ததும் 9, 14, சிக்னலில் நிற்கும்போது 30ஐத் தாண்டியது. காற்று வரட்டும் என்று ஜன்னலை இறக்கினால் குறையுமென்று நினைத்தோம், ஓடும்போது கூடியது! என் சீட்டுக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தபோது தெரிந்தது. மோட்டார் வயரை உள்ளே கொண்டுவரத் தரையில் ஓட்டை போட்டவர்கள் ரப்பர் புஷ் வைக்கவே இல்லை. அந்த ஓட்டை வழியாகத் தரை தெரிந்தது, கட்அவுட்டின் வாயும் தெரிந்தது. நேராக என்னைப் பார்த்துக்கொண்டு.

வீட்டுக்கான அலாரம் ஒன்றை காரில் போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் கவனியுங்கள். யுஎல் 2034 என்ற அமெரிக்கத் தரத்தில் வருகிற அலாரம் 70 பிபிஎம் இருந்தாலும் குறைந்தது ஒரு மணி நேரம் கழித்துத்தான் கத்தும். காருக்கு உடனுக்குடன் நம்பர் காட்டுகிற மீட்டர்தான் வேண்டும். கட்அவுட் வாயில் வளைந்த பைப் வைத்து, புகையைப் பக்கவாட்டில் வெளியே தள்ளுகிற மாதிரி செய்தார்கள். ஓட்டையையும் அடைத்தார்கள். இப்போது பூஜ்யம். தலைவலி இல்லை. சத்தம் மட்டும் இன்னும் பிடிக்கவில்லை.

ஸ்பானர்ராஜா:

சகோதரி சொன்னது ரொம்ப முக்கியம். ரப்பர் புஷ் பற்றி நான் எழுதியிருக்க வேண்டும் என்று யாரும் ஆரம்பிக்காதீர்கள், ஏற்கெனவே நீளம்.

கறுப்புக்கொடி:

மூடாத வால்வு எனக்கு நடந்தது ரேஸ் தடத்தில். சத்த வரம்பு 90 டெசிபல். கலிஃபோர்னியாவின் லகூனா செக்கா மாதிரி இடங்களில் பெரும்பாலான நாட்களில் அதுதான் கதி. மூடிவிட்டுத்தான் உள்ளே போனேன். நேர்க்கோட்டில் முழு ஆக்ஸிலேட்டர் கொடுத்தபோது அதிர்விலோ எதிலோ வால்வு தானாகக் கொஞ்சம் திறந்திருக்கிறது. ஹெல்மெட்டுக்குள் எனக்கு வித்தியாசமே தெரியவில்லை. அடுத்த சுற்றில் என் நம்பரோடு கறுப்புக்கொடி, தடத்தை விட்டு உள்ளே வா என்று. உள்ளே வந்தால் ஒரு பெரியவர் பேசாமல் மீட்டரைத் திருப்பிக் காட்டினார். 101. பத்து டெசிபல் கூடினால் காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்காகக் கேட்கும் என்பதை அங்கேதான் புரிந்துகொண்டேன். அன்றைய நாள் அத்தோடு சரி.

"மூடி வைத்தால் சட்டப் பிரச்சினை இல்லை" என்று வேறு பலர் சொல்வார்கள். கலிஃபோர்னியா வாகனச் சட்டம் 27150ஐப் படித்துப் பாருங்கள். எக்ஸாஸ்டில் கட்அவுட் பொருத்தியிருப்பதே கூடாது என்கிறது. மூடியிருக்கிறதா திறந்திருக்கிறதா என்ற கேள்வியே அங்கில்லை. உங்கள் ஊர்ச் சட்டம் என்ன சொல்கிறதென்று முதலில் பாருங்கள்.

என்னைக் கேட்டால் கம்பெனியே வால்வு வைத்துத் தருகிற எக்ஸாஸ்ட்தான் நிம்மதி. 2018 மஸ்டாங் ஜிடியில் காலையில் சத்தமில்லாமல் ஸ்டார்ட் ஆக நேரம் குறித்தே வைக்கலாம்.

கரிப்புகை:

அப்படியென்றால் புது மஸ்டாங் வாங்கிக் கொடுங்கள். கேட்டது கட்அவுட் பற்றி.

வி8பித்தன்:

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. ராஜா அண்ணா சொன்னதுதான் சரி. எஞ்சின் நன்றாகச் சூடேறியதும் லிஃப்டில் ஏற்றி, வலது மோட்டாரைக் கழற்றிவிட்டு தண்டை ப்ளையரால் திருப்பிப் பார்த்தேன். முக்கால்வாசி வரை சுலபமாக வந்தது, அதற்கு மேல் அசையவில்லை. தகட்டின் ஓரத்தில் ஒரே இடத்தில் பளபளவென்று உரசல் தடம். பைப்போடு இணைக்கிற ஃப்ளேஞ்சின் மூன்று போல்ட்டையும் கொஞ்சம் தளர்த்தியதும் தகடு முழுசாக மூடியது! கோணலாக இழுத்து முறுக்கியிருக்கிறார்கள். சூட்டில் வால்வின் உடல் நெளிந்து தகட்டைப் பிடித்துக்கொள்கிறது. கேஸ்கெட்டை மாற்றி, மூன்று போல்ட்டையும் மாற்றி மாற்றிச் சமமாக முறுக்கியிருக்கிறேன்.

மோட்டாரை மேல்நோக்கித் திருப்பத்தான் வழியில்லை. கியர்பாக்ஸ் பின்னால் இருக்கிற வண்டி, நடுவில் அடிப்பக்கத்தை மூடுகிற டனல் பிளேட் இடிக்கிறது. ஏற்கெனவே அங்கே சூடு அதிகம். பக்கவாட்டில் 45 டிகிரி திருப்பினால் போதுமா ராஜா அண்ணா? தகரத் தடுப்பு எவ்வளவு இடைவெளி விட்டு வைக்க வேண்டும்? பக்கத்துசீட்டுக்காரி சொன்ன மீட்டருக்கும் ஆர்டர் சொல்லியிருக்கிறேன், வந்ததும் நம்பரை இங்கே போடுகிறேன்.