முள் கீழே இறங்கியதும் நிம்மதியடைந்தேன்

மேட்டில் இரண்டாவது கியரில் ஏறிக்கொண்டிருந்தேன். 25 வயதான டீசல் வேன், எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடேறுவதுதான் தொல்லை. ரேடியேட்டரைக் கழற்றிக் கழுவியாயிற்று, எஞ்சின் சூடானதும் தண்ணீரை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் தெர்மோஸ்டாட்டும் புதிது. சூட்டைக் கொஞ்சம் வெளியேற்றலாம் என்று, எஞ்சின் தண்ணீரின் சூட்டை வண்டிக்குள் வீசும் ஹீட்டரை முழுதாகத் திறந்திருந்தேன். எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. ஓரங்கட்ட இடம் தேடுவதற்குள் சரசரவென்று அடிமட்டத்துக்கு இறங்கிவிட்டது. அப்பாடா என்று மேலும் 3 கிலோமீட்டர் ஓட்டினேன். ஹோஸ் வெடித்துத் தண்ணீர் முழுவதும் வெளியேறியிருக்கிறது. சென்சார் தண்ணீரில் முங்காமல் நின்றால் முள் எதைக் காட்டும்? எஞ்சினின் மேல்பகுதியான சிலிண்டர் ஹெட் சூட்டில் வளைந்தே போயிற்று. சிவப்பிலிருந்த முள் காரணமில்லாமல் விழுந்தால் அந்த நொடியே எஞ்சினை நிறுத்திவிடுங்கள்.

*

என் வேனில் ஒரு சொட்டு ஒழுகவில்லை. நின்ற இடத்தில் எவ்வளவு நேரம் ஓடினாலும் சூடாகாது. 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால்தான் தொல்லை. ரேடியேட்டரை மாற்றினேன், வாட்டர் பம்பை மாற்றினேன், பயனில்லை. கடைசியில் நண்பரை ஆக்ஸிலரேட்டரை மிதிக்கச் சொல்லிவிட்டு டார்ச்சோடு குனிந்து பார்த்தேன். ரேடியேட்டரின் அடியிலிருந்து பம்புக்குப் போகும் ஹோஸ், பட்டினி கிடந்தவன் கன்னம்போல ஒட்டிப்போனது. காலை எடுத்ததும் மெதுவாக உப்பியது. உள்ளே இருக்க வேண்டிய சுருள்கம்பி துருப்பிடித்து உதிர்ந்திருந்தது. பம்ப் இழுத்த இழுப்புக்கு ஹோஸ் தாங்கவில்லை.

*

தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டுவிடுங்கள். ஆறு வருடமாக அப்படித்தான் ஓட்டுகிறேன்.

*

மேலே சொன்னதைத் தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள். பல எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதே பைபாஸ் வழியை அடைக்கவும் செய்கிறது. அதை எடுத்துவிட்டால் சுடுதண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்குப் போகாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றும். மற்ற எஞ்சின்களில் உரிய சூடு ஏறாமல் டீசல் வீணாகும், தேய்மானம் கூடும். தெர்மோஸ்டாட் மேல் சந்தேகமிருந்தால் கொதிக்கும் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். பெரும்பாலானவை 80 முதல் 95 டிகிரிக்குள் திறக்கத் தொடங்கும். ரேடியேட்டர் மூடியை யாரும் கண்டுகொள்வதில்லை. அது அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால்தான் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. ரப்பர் வளையம் தேய்ந்த மூடி ஒன்றுபோதும், நல்ல எஞ்சினும் கொதித்துப் பொங்கும். எஞ்சின் நடுவிலோ பின்னாலோ இருந்து ரேடியேட்டர் முன்னால் இருக்கும் வேன்களில், நீண்ட குழாயில் காற்று தங்கிவிடும். தண்ணீர் நிரப்பியபின் காற்றை வெளியேற்றாமல் வண்டியை எடுக்கக் கூடாது. இவ்வளவும் சரியாக இருந்தும் சூடேறினால், எஞ்சின் ஓடும்போது தண்ணீர்த் தொட்டியில் குமிழி விடாமல் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் சிலிண்டர் ஹெட்டுக்கு அடியில் கசிவைத் தடுக்கும் தகடான ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகிக்க வேண்டும். என் அனுபவம் ஒரே வரிதான்: சூட்டோடு மூடியைத் திறந்தேன், முழங்கை வரை தோல் உரிந்தது.

*

முதலில் எழுதியவரிடம் ஒரு கேள்வி. தண்ணீர் தீர்ந்தால் ஹீட்டரிலும் சூடு நின்றிருக்குமே, அதை நீங்கள் கவனிக்கவில்லையா?

*

கவனித்தேன். பின்னிருக்கையில் அம்மா இருந்தார். அதுவரை அனலில் வெந்துகொண்டிருந்தவர், "இப்போதுதான்பா நல்ல காற்று வருகிறது" என்றார். நானும் "ஆமாம்மா" என்றேன்.