கட்டிலுக்கு அடியிலிருந்து வர மறுக்கும் ஏழு மாத நாய்க்குட்டி

இரட்டைப்பின்னல் கேட்கிறார்:

வணக்கம். போன சனிக்கிழமை ஒரு காப்பகத்திலிருந்து பெண் நாய்க்குட்டி ஒன்றைத் தத்தெடுத்து வந்தோம். ஏழு மாதம் இருக்கும் என்றார்கள். அம்மா என்ன இனம், அப்பா என்ன இனம் என்று அவர்களுக்கே தெரியாது. குட்டைக் கால், நீள முதுகு. ஒரு காது நிமிர்ந்து நிற்கும், இன்னொன்று மடிந்து கிடக்கும். வெள்ளை நெஞ்சில் கருப்பைப் பொடித்துத் தூவியது மாதிரி புள்ளிகள். என் மகன் மிளகு என்று பேர் வைத்துவிட்டான்.

காப்பகத்தில் என் கால் பக்கத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்தது. அடக்கமான குட்டி என்று நம்பித்தான் கூட்டி வந்தேன். வீட்டுக்கு வந்ததும் கட்டிலுக்கு அடியில் போனதுதான், இன்றோடு ஆறு நாள். ராத்திரி விளக்கை அணைத்த பிறகு சாப்பிடுகிறது. தட்டு தரையில் நகரும் சத்தம் மட்டும் கேட்கும். நடைக்கூடத்து விரிப்பில் இரண்டு முறை மூத்திரம் போய்விட்டது. நான் துடைப்பத்தைக் கையில் எடுத்தால் போதும், தரையோடு தரையாக ஒட்டிக்கொள்கிறது.

நேற்று மகன் கொஞ்சுவதற்காகக் கட்டிலுக்கு அடியில் கையை விட, உறுமியது. கடிக்கவில்லை. ஆனால் என் வீட்டுக்காரர், "உறுமுகிற நாயைப் பிள்ளை இருக்கிற வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது, திருப்பிக் கொடுத்துவிடலாம்" என்கிறார். மரபணு சோதனை செய்து எந்த இனம் என்று தெரிந்துகொண்டால் குணம் பிடிபடுமா? இல்லை, நான்தான் தவறான குட்டியைத் தேர்ந்தெடுத்துவிட்டேனா?

வாலாட்டி சொல்கிறார்:

முதலில் ஒன்று. காப்பகத்தில் நீங்கள் பார்த்தது அடக்கம் இல்லை, பயத்தில் உறைந்துபோய் உட்கார்ந்திருந்தது. இதில் நானும் ஏமாந்திருக்கிறேன். இப்போது என்னிடம் இருப்பது மூன்றாவது மீட்பு நாய் (காப்பகத்திலிருந்து தத்தெடுத்தது), அப்போதும் ஏமாந்தேன்!

உறுமியதற்குத் தயவுசெய்து யாரும் திட்டாதீர்கள். "கிட்டே வராதே" என்று சொல்ல அதற்கு இருக்கும் மொழி அதுதான். திட்டித் திட்டி உறுமலை நிறுத்தினால் பயம் போகாது, எச்சரிக்கை மட்டும்தான் போகும். அடுத்த முறை நேராகக் கடிதான். உறுமுவதற்கு முன்பே உதட்டை நக்கியிருக்கும், கொட்டாவி விட்டிருக்கும், முகத்தைத் திருப்பியிருக்கும், கண்ணோரத்தில் வெள்ளை தெரிந்திருக்கும். இருட்டில் உங்கள் பையனுக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது? கட்டிலுக்கு அடியில் யாரும் கை விடக்கூடாது, அது அவளுடைய அறை.

மீட்பு நாய் வளர்ப்பவர்கள் மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம் என்று ஒரு கணக்கு சொல்வோம். மிரட்சி அடங்க மூன்று நாள், வீட்டு நடைமுறை பிடிபட மூன்று வாரம், இது என் வீடு என்று ஆக மூன்று மாதம். குத்துமதிப்புதான். என் இரண்டாவது நாய்க்கு அந்த முதல் மூன்று நாளே பதினொரு நாள் ஆனது.

கையில் கறித்துண்டை வைத்துக்கொண்டு வா வா என்று கூப்பிடாதீர்கள். பசி முன்னே இழுக்கும், பயம் பின்னே தள்ளும். துண்டை விழுங்கியதும் "ஐயோ, இவ்வளவு கிட்டே வந்துவிட்டேனே" என்று திடுக்கிடும். அதற்குப் பதில் துண்டை அவளுக்குப் பின்பக்கம் போடுங்கள். தின்றுவிட்டு, தானே திரும்பி உங்களைப் பார்க்கும். பையனைக் கட்டிலுக்கு நாலடி தள்ளி, முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்து சத்தமாகப் பாடம் படிக்கச் சொல்லுங்கள். பெரியவர் யாராவது கூடவே இருங்கள். படிப்பும் ஆச்சு.

அப்புறம் வாசல் கதவு. முதல் நாயை நான் கூட்டி வந்த இரண்டாவது வாரம், யாரோ மணி அடித்தார்கள், கதவைத் திறந்தேன். பட்டையைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன். பின்பக்கமாக ஒரே இழுப்பு. பட்டை காதைத் தாண்டிக் கழன்று என் கையில் வந்துவிட்டது, நாயைக் காணோம். இரண்டு நாள் தெருத்தெருவாக அலைந்தேன். கிடைத்தது என் அதிர்ஷ்டம், அதில் திறமை ஒன்றும் இல்லை. மிரண்ட நாயை வெளியே கூட்டிப்போகும்போது கழுத்துப் பட்டையில் ஒரு கயிறு, மார்பைச் சுற்றி மாட்டும் ஹார்னஸில் இன்னொரு கயிறு. பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

கணக்குப்பிள்ளை சொல்கிறார்:

மரபணு சோதனைக்குச் செலவு செய்யாதீர்கள். 2022இல் சயன்ஸ் இதழில் ஒரு பெரிய ஆய்வு வந்தது. 18,000க்கும் மேற்பட்ட நாய்களைப் பற்றி அவற்றின் சொந்தக்காரர்களிடம் கேட்டு, 2,000க்கும் மேற்பட்டவற்றின் மரபணுவையும் படித்தார்கள். தனி ஒரு நாயின் குண வேறுபாட்டில் சுமார் 9 சதவீதத்தைத்தான் இனத்தால் விளக்க முடிந்தது. துடைப்பத்தைப் பார்த்துப் படுத்துக்கொள்வது இனத்தால் வந்ததில்லை என்று சொல்ல ஆய்வே வேண்டாம். (யாரும் அடித்திருக்க வேண்டும் என்றும் இல்லை. மூன்று முதல் பதினான்கு வாரம் வரைக்குமான வயதில் பார்க்காத பொருள் எதுவும் பிறகு பயமுறுத்தலாம்.)

ஊசிக்காரர் சொல்கிறார்:

கால்நடை மருத்துவமனையில் உதவியாளராக இருக்கிறேன். ஒருமுறை டாக்டரிடம் காட்டிவிடுங்கள். காதில் சீழ், வயிற்றில் புழு, மூத்திரப் பாதையில் தொற்று, எது இருந்தாலும் குட்டி ஒளிந்துகொள்ளும், உறுமும். வலியையும் குணத்தையும் குழப்பிக்கொள்பவர்களைத் தினமும் பார்க்கிறேன். பார்வோ, டிஸ்டெம்பர் (இரண்டும் நாய்களுக்கு வரும் வைரஸ் நோய்கள்), ரேபிஸ் ஊசி போட்ட அட்டையைக் காப்பகத்திடம் கேட்டு வாங்குங்கள். விரிப்பை அம்மோனியா கலந்த திரவத்தால் துடைக்காதீர்கள், மூத்திர வாடை மாதிரியே இருப்பதால் மறுபடி அங்கேயே போகும். மூத்திரத்தைச் சிதைக்கும் என்சைம் உள்ள திரவமாகப் பாருங்கள்.

ஒதுங்கிநில் சொல்கிறார்:

எல்லோரும் வைத்துக்கொள்ளத்தான் சொல்வீர்கள். நான் ஒரு நாயைத் திருப்பிக் கொடுத்தவன். என் அப்பா படுத்த படுக்கையாக இருந்த நேரம், என்னால் இரண்டையும் பார்க்க முடியவில்லை. அது வேறு வீட்டில் நன்றாக இருக்கிறது. உங்கள் வீட்டுக்காரர் மனசில்லாமல் தலையாட்டினால் அந்த வீட்டில் நாய் நிம்மதியாக இருக்காது. மூன்று மாதம் என்று நாள் குறித்து, அவரையும் சேர்த்து முடிவெடுங்கள்.

இரட்டைப்பின்னல் (பதினாறு நாள் கழித்து):

எல்லோருக்கும் நன்றி. இடது காதில்தான் சீழ். மடிந்து கிடக்கும் அந்தக் காதேதான். சொட்டு மருந்து விடுகிறோம். மூன்று மாதம் பார்க்கலாம் என்று அவரும் ஒத்துக்கொண்டார்.

மகன் தினமும் கட்டிலுக்கு முதுகைக் காட்டி வாய்ப்பாடு படித்தான். நேற்று ராத்திரி பதினாறாம் வாய்ப்பாட்டில் ஏழாவது வரிக்கு வந்தவன் சட்டென்று நிறுத்திவிட்டான். மறந்துவிட்டான் போல என்று எட்டிப் பார்த்தேன். திரும்பாமலே, உதடு மட்டும் அசைய, "அம்மா, குதிகால்ல மூக்கு. ஈரமா இருக்கு" என்றான். அவள் ஒரு முன்னங்காலைக் கட்டிலுக்கு உள்ளேயே வைத்துக்கொண்டு, மீதி உடம்பையெல்லாம் நீட்டி, அவன் குதிகாலை மோந்துகொண்டிருந்தாள். "படிடா, நிறுத்தாதே" என்றேன். நூற்றுப் பன்னிரண்டு என்று கிசுகிசுத்தான்.

துடைப்பத்தை இன்னும் அவள் தூங்கும்போதுதான் எடுக்கிறேன். இப்போது வேறு பிரச்சினை: வீட்டுக்காரர் செருப்பில் இடது காலை மட்டும் கடித்துக் குதறுகிறாள், வலது காலைத் தொடுவதே இல்லை. ஏழு மாதத்தில் நிரந்தரப் பல் 42ம் வந்திருக்குமே, இன்னும் எதற்கு? யாருக்காவது தெரியுமா?