அம்மா அடிக்கடி விழுகிறார், உட்கார வைப்பதா?

பாலக்கோட்டுக்காரன்:
நான் ஓசூரில் கம்பெனி வேலை. அம்மாவுக்கு 74 வயது, பாலக்கோடு பக்கம் ஊரில் தனியாக இருக்கிறார். பொங்கலுக்கு அப்புறம் அடிக்கடி விழுகிறார், விடியற்காலை பாத்ரூம் போக எழும்போதுதான் அதிகம், ஒரு தடவை வாசப்படி தடுக்கி. பிரஷர், சுகர், ஆஸ்பிரின், தூக்கத்துக்கு ஒன்று என்று மாத்திரைகள் உண்டு. "வயசானா அப்படித்தான், நடமாட விடாதே" என்கிறார்கள் சொந்தக்காரர்கள். அதுதான் சரியா?

காவேரிப்பட்டணம் பிசியோ:
தயவுசெய்து உட்கார வைக்காதீர்கள் அண்ணா. நடக்காமல் இருந்தால் தொடையில் பலம் போய்விடும், அப்புறம் எழுந்தாலே விழுவார். படுக்கையிலிருந்து எழும்போது விழுகிறார் என்றால் முதலில் பிரஷரைப் படுக்க வைத்து ஒரு தடவை, நிற்க வைத்து 1 நிமிஷத்திலும் 3 நிமிஷத்திலும் பார்க்கச் சொல்லுங்கள். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால் அதைக் கவனிக்கணும், உட்கார வைத்து மட்டும் பார்த்தால் இது பிடிபடாது. மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் டாக்டரிடம் காட்டுங்கள். தூக்க மாத்திரைமேல்தான் எனக்குச் சந்தேகம் அதிகம், ஆனால் நீங்களாகத் திடீரென்று நிறுத்த வேண்டாம். இரவு சரியாகச் சாப்பிடாமல் சுகர் மாத்திரை போடுகிறாரா என்றும் கேளுங்கள்.

பென்னாகரம் மருமகள்:
நம்ம ஊர் போர் தண்ணீரையும் யோசியுங்கள். புளோரைடு உப்பு அதிகமான தண்ணீரைப் பல வருஷம் குடித்தவர்களுக்கு முதுகும் மூட்டும் இறுகிப்போய் காலைத் தூக்கி வைக்கவே கஷ்டம், எங்கள் மாமனாருக்கு அதுதான். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத் தண்ணீர் வந்தால் குடிக்க மட்டுமில்லை, சோறு குழம்புக்கும் அதையே வையுங்கள். பாத்ரூம் சுவரில் உறுதியான கைப்பிடி வேண்டும், துண்டு போடுகிற கம்பி ஆள் பாரம் தாங்காது. தேய்ந்த ரப்பர் செருப்பைத் தூக்கிப் போடுங்கள், கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை ராத்திரி லைட் எரியட்டும், வாசப்படி விளிம்பில் மஞ்சள் பெயின்ட் ஒரு கோடு இழுங்கள். கண்புரை இருக்கிறதா?

பாலக்கோட்டுக்காரன்:
ஒரு கண்ணில் புரை இருக்கிறது, ஆபரேஷன் தள்ளிப் போகிறது அக்கா. பயிற்சிக்குத் தினமும் கூட்டிப்போக ஆள் இல்லையே?

காவேரிப்பட்டணம் பிசியோ:
புரையை இனித் தள்ளிப்போடாதீர்கள். பயிற்சிக்கு உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டம் பற்றிக் கேளுங்கள், 2021 ஆகஸ்டில் நம்ம சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது, பிரஷர் சுகர் மாத்திரை தருவதோடு தேவைப்பட்டால் வீட்டுக்கே வந்து பிசியோ செய்வார்கள். அதுவரை சுவரோரம் போட்ட நாற்காலியில் உட்கார்ந்து எழுவதைப் பழக்குங்கள், பக்கத்தில் ஒருவர் நிற்கட்டும். ஒன்று மட்டும் மறக்காதீர்கள், ஆஸ்பிரின் எடுப்பவர் தலையில் அடிபட விழுந்தால் வீக்கம் இல்லாவிட்டாலும் அன்றே ஆஸ்பத்திரியில் காட்டணும். சில வாரம் கழித்துத் தலைவலி, தூக்கக் கலக்கம், பேச்சில் குழறல் வந்தாலும் விழுந்ததைச் சொல்லி ஸ்கேன் கேளுங்கள்.