மீட்டியார் 350: ரைசர் போடலாமா, சீட்டை மாற்றலாமா?

காவிரிக்கரை:
ராயல் என்ஃபீல்டு மீட்டியார் 350 பைக் ஓட்டுகிறேன். உயரம் 5 அடி 4 அங்குலம். ஊருக்குள் ஒரு தொந்தரவும் இல்லை. திருச்சியில் கிளம்பிச் சென்னை போனால் மட்டும், விழுப்புரம் வருவதற்குள் இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் பிடித்துக்கொள்கிறது. கை நீண்டபடிதான் ஹேண்டில்பாரைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. கடையில் இரண்டு ரைசர் (ஹேண்டில்பாருக்கு அடியில் வைத்து அதை உயர்த்தும் கட்டை) காட்டினார்கள். ஒன்று நேராக 30 மி.மீ. தூக்கும், இன்னொன்று தூக்குவதோடு பின்னுக்கும் இழுக்கும். எதை வாங்கலாம்?

நெடுஞ்சாலைப்பறவை:
பின்னுக்கு இழுப்பதை வாங்குங்கள் ப்ரோ. உங்கள் பிரச்சினை உயரம் இல்லை, தூரம். வண்டியை நிறுத்திவிட்டு, சீட்டில் நாலு விரற்கடை முன்னால் நகர்ந்து உட்கார்ந்து பாருங்கள். முழங்கை லேசாக மடங்கித் தோள் தளர்ந்தால், உங்களுக்கு வேண்டியது அந்த நாலு விரற்கடைதான். நேர் ரைசர்கூட, முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கின் சாய்வில் ஏறுவதால் கொஞ்சம் பின்னுக்கு வரும். சாய்வு 26 டிகிரி என்றால், 30 மி.மீ. ரைசர் சுமார் 27 மி.மீ. மேலேயும் 13 மி.மீ. பின்னாலேயும் கொண்டுவரும். உங்களுக்கு அது போதாது.

டிஸ்பேனர்:
நான் இதை ஒத்துக்கொள்ள மாட்டேன். மீட்டியாரில் ஃபுட்ரெஸ்ட் முன்னால் இருக்கிறது. குழி வந்தால் காலை ஊன்றி எழுந்துகொள்ள முடியாது. உடம்புப் பாரம் முழுக்க வால் எலும்பில்தான். இப்போது கையில் இருக்கிற கொஞ்சப் பாரத்தையும் ரைசர் போட்டு எடுத்துவிட்டால், அதுவும் இடுப்புக்குத்தான் போகும். தோள் வலி போய் இடுப்பு வலி வரும். முதலில் சீட்டைக் கவனியுங்கள். பின்பக்கம் இடுப்புக்கு அணைப்பு வைத்துத் தைத்தால், ஆள் தானாகவே முன்னால் வருவார். ஹேண்டில்பாரை மாற்றவே வேண்டாம்.

நெடுஞ்சாலைப்பறவை:
அணைப்பு நல்ல யோசனைதான். ஆனால் இடுப்புக் கணக்கு தலைகீழாக இருக்கிறது. கால் முன்னால், கையும் எட்டாத தூரத்தில் என்றால் முதுகு கூன் போட்டுத்தான் உட்காரும். கூன் விழுந்த முதுகில் குழியின் அடி இன்னும் மோசமாக இறங்கும். ஹேண்டில் கிட்டே வந்தால்தான் முதுகு நிமிரும்.

டிஸ்பேனர்:
நிமிர்ந்தால் காற்று நேராக நெஞ்சில் அடிக்கும். 90 கி.மீ. வேகத்தில் அந்தக் காற்றை எதிர்த்து உட்கார, கை மறுபடியும் ஹேண்டிலைப் பிடித்து இழுக்கத்தான் வேண்டும். இவர் வண்டியில் மீட்டியாரின் சூப்பர்நோவா மாடலில் வருகிற மாதிரி காற்றுத் தடுப்புக் கண்ணாடி இருக்கிறதா என்று யாராவது கேட்டீர்களா? இன்னொன்று, காசே செலவில்லாத வழி இருக்கிறது. ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் கிளாம்பின் நாலு போல்ட்டைத் தளர்த்தி, அதை ஒரு நூல் பின்பக்கம் சுழற்றலாம். அப்புறம் பிரேக், கிளட்ச் லீவர்களையும் கைக்கு நேராகத் திருப்ப வேண்டும், இல்லாவிட்டால் மணிக்கட்டு மடங்கும். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போவது பெரும்பாலும் அதனால்தான்.

பட்டறைத்தம்பி:
அண்ணன்மார் இரண்டு பேரும் உடம்பைப் பற்றியே பேசுகிறீர்கள், கேபிளை யாரும் நினைக்கவில்லை. ஹேண்டில் எந்தப் பக்கம் போனாலும் கிளட்ச் கேபிள், ஆக்சிலேட்டர் கேபிள், முன் பிரேக் ஹோஸ், சுவிட்ச் ஒயர் எல்லாம் கூடவே போகும். ரைசர் மாட்டியதும் சென்டர் ஸ்டாண்டு போட்டு, இன்ஜினை ஐட்லிங்கில் விட்டு, ஹேண்டிலை இடது ஓரம் வரைக்கும், வலது ஓரம் வரைக்கும் மெதுவாகத் திருப்புங்கள். சத்தம் ஏறினால் ஆக்சிலேட்டர் கேபிள் இழுபடுகிறது. கிளட்ச் லீவரில் இருந்த லூஸ் காணாமல் போனால் கிளட்ச் வழுக்கும், பிளேட் தேயும். பிரேக் ஹோஸ் முறுக்கி இழுத்தால் ரைசரை அங்கேயே கழற்றிவிடுங்கள், அதில் சமாதானமே கிடையாது. கேபிளை உள்பக்கமாக வேறு வழியில் விட்டுச் சரிசெய்ய முடிந்தால் நல்லது, இல்லாவிட்டால் நீளமான கேபிள், ஹோஸ் செலவையும் ரைசர் விலையோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

போல்ட்டும் முக்கியம். ரைசரோடு வரும் நீள போல்ட்டின் தலையில் 8.8 அல்லது 10.9 என்று வலிமைத் தர எண் இருக்கிறதா பாருங்கள். ஒன்றும் பொறிக்காத போல்ட்டை முன்பக்கத்தில் மாட்டவே கூடாது. அலுமினியத்துக்குள் மரை குறைந்தது போல்ட் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு இறங்க வேண்டும்: 10 மி.மீ. போல்ட் என்றால் 15 மி.மீ. கிளாம்பின் உள்விட்டத்தையும் அளந்துவிட்டே வாங்குங்கள். ஹேண்டில்பார்கள் 22, 25.4, 28.6 மி.மீ. என்று பல அளவில் வருகின்றன. பெரிய கிளாம்புக்குள் தகடு சொருகி இறுக்குவதைச் சில இடங்களில் பார்த்திருக்கிறேன். பிரேக் அடிக்கும்போது ஹேண்டில் கீழே சுழன்றுவிடும்.

சாலைவிதி:
மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவையும் நினைவில் வையுங்கள். கம்பெனி குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்பது அது. ராயல் என்ஃபீல்டு தன் வண்டிகளுக்கென்றே துணைப்பாகங்கள் விற்கிறது. முதலில் அந்தப் பட்டியலைப் பாருங்கள். வெளிக்கடை ரைசர் என்றால் இன்சூரன்ஸ்காரரிடம் எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

காவிரிக்கரை:
எல்லோருக்கும் நன்றி. முன்னால் நகர்ந்து உட்கார்ந்து பார்த்தேன், தோள் உடனே இறங்கியது. காற்றுத் தடுப்புக் கண்ணாடி இல்லாத வண்டி. மரத்துப்போவதும் எனக்கு உண்டு, ஆனால் சுண்டுவிரலும் மோதிர விரலும்தான்.

நெடுஞ்சாலைப்பறவை:
அது முழங்கைப் பக்கமாக வரும் வேறு நரம்பு. உள்ளங்கையின் வெளியோரத்தில் பாரம் அழுத்தினாலும் அது மரக்கும். எட்டிப் பிடிப்பதால் இருக்கலாம் என்பது என் எண்ணம். வண்டியை விட்டு இறங்கிய பிறகும் மரமரப்பு நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள்.

டிஸ்பேனர்:
நகர்ந்ததும் தோள் இறங்கியது என்றால் சீட் அணைப்பும் அதே வேலையைச் செய்யும், கேபிள் வம்பும் இல்லை. என் கட்சி மாறவில்லை. ஒரு திண்டை இடுப்புக்குப் பின்னால் கட்டிக்கொண்டு பெரம்பலூர் வரை போய் வந்து சொல்லுங்கள். அது சரிப்பட்டால் ரைசர் காசு மிச்சம்.

காவிரிக்கரை:
சரி அண்ணே, ஞாயிற்றுக்கிழமை திண்டோடு போகிறேன். கிளம்பும் முன் ஹேண்டிலையும் ஒரு நூல் சுழற்றிப் பார்க்கிறேன். இரண்டிலும் சரிவரவில்லை என்றால் பின்னுக்கு இழுக்கும் ரைசர்தான். பட்டறைத்தம்பி, மாட்டும்போது உங்கள் கடைக்கே வருகிறேன், எங்கே இருக்கிறது?