பை-ஹோல் டாக்கர்: எல்லா போனும் ஒரே முகவரியில் தெரிகிறது, உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. கோத்தகிரியில் எங்கள் படிப்பகத்துக்கு வரும் பிள்ளைகள் போனில்தான் பாடம் பார்க்கிறார்கள். மலையில் கிடைக்கிற கொஞ்ச நெட்டையும் விளம்பரம் தின்றுவிடக் கூடாது என்று ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினியில், மென்பொருளைத் தனிப் பெட்டி போல ஓட்டும் டாக்கர் வழியாக, நெட்வொர்க் முழுக்க விளம்பரத்தைத் தடுக்கும் பை-ஹோல் 6 போட்டிருக்கிறேன். அதன் நிர்வாகப் பக்கத்துக்குப் பாஸ்வேர்டு வைக்கும் பழைய வெப்பாஸ்வேர்டு வேரியபிள் இதில் செல்லாது. எஃப்டிஎல்கான்ஃப் என்று தொடங்கும் புதுப் பெயரில் கொடுத்ததும் பாஸ்வேர்டு சரியாகிவிட்டது. எங்கிருந்து வரும் கேள்விகளுக்குப் பதில் தருவது என்ற லிசனிங் மோடும் ‘ஆல்’தான். விளம்பரங்களைத் தடுப்பதில் குறையே இல்லை.

ஆனால் எந்த போன் எந்தத் தளத்தைக் கேட்டது என்று காட்டும் குவெரி லாக்கில் எல்லா போனும் 172.18.0.1 என்ற டாக்கர் கேட்வே முகவரியாகவே தெரிகிறது. போன்களுக்கு முகவரி வழங்கும் ரவுட்டர் டிஹெச்சிபியில், தளப் பெயரை முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸாக ராஸ்பெர்ரி பையின் முகவரியைத்தான் கொடுத்திருக்கிறேன். இப்படியே இருந்தால் பிள்ளைகளின் போன்களுக்குத் தனி குரூப் வைக்க வழியில்லை, எனக்கு அதுதான் முக்கியம். டாக்கரின் தனி உள் நெட்வொர்க்கான பிரிட்ஜை விட்டு, ராஸ்பெர்ரி பையின் நெட்வொர்க்கையே நேரடியாகப் பயன்படுத்தும் ஹோஸ்ட் நெட்வொர்க்குக்கு மாறினால் போதுமா? அப்புறம் டாக்கர் அமைப்புகளை எழுதும் கம்போஸ் ஃபைலில் போர்ட்ஸ் வரிகளை எடுத்துவிட வேண்டுமா? செய்து பார்த்தவர்கள் உங்கள் ஃபைலைப் பாஸ்வேர்டு நீக்கிப் பகிர்ந்தால் பேருதவி.