சிலிண்டர் ஹெட் வேலை முடிந்தும் கூலன்ட் குறைகிறது: வழி சொல்லுங்கள்

வண்டி மாருதி ஸ்விப்ட் டீசல், 2014 மாடல், 1.3 லிட்டர் என்ஜின். இடம் திருச்சி. பிப்ரவரியில் நெடுஞ்சாலையில் சூடேறி நின்றது. உள்ளூர் ஒர்க்‌ஷாப் ஒன்றில் சிலிண்டர் ஹெட்டை (என்ஜினின் மேல்பகுதி) கழற்றி, பேசிங் செய்து (அடிப்பரப்பைச் சமன் செய்து), புது கேஸ்கெட் (இடையில் வைக்கும் கசிவுத் தடுப்புத் தகடு) போட்டுக் கொடுத்தார்கள். ரசீது இருக்கிறது.

ஏப்ரலிலேயே பழைய தொல்லை திரும்பிவிட்டது. காலையில் ஸ்டார்ட் செய்தால் வெள்ளைப் புகை. கூலன்ட் (என்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) டேங்கில் குமிழிகள். ரேடியேட்டரின் மேல் ஹோஸ் கல்லாக இறுகுகிறது. வெளியே ஒரு சொட்டுக் கசிவும் இல்லை. ஆயிலில் தண்ணீர் கலக்கவில்லை, அதுவரை ஆறுதல்.

தெர்மோஸ்டாட், ரேடியேட்டர் மூடி, வாட்டர் பம்ப் எல்லாம் மாற்றியாயிற்று. வேறொரு மெக்கானிக்கிடம் காட்டியபோதுதான், ஹெட்டில் விரிசல் பார்க்கும் பிரஷர் டெஸ்ட் செய்யவே இல்லை என்பது தெரிந்தது. பழைய போல்ட்டுகளையே மாட்டியிருக்கிறார்கள். அவ்வளவு சூடேறிய அலுமினிய ஹெட்டைச் சோதிக்காமல் மூடியதை என்னால் ஏற்கவே முடியவில்லை. ஒர்க்‌ஷாப்காரரோ மறுபடியும் முழுக் கூலி கேட்கிறார்.

நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுகளுக்குள் புகார் தரலாம் என்று அறிவேன். ஆனால் வேறிடத்தில் ஹெட்டைத் திறந்தால் ஆதாரம் கலைந்துவிடும் என்று அஞ்சி வண்டியை நிறுத்தி வைத்திருக்கிறேன்.

திறப்பதற்கு முன், யாரிடம் எந்தச் சோதனை செய்து எழுத்தில் வாங்கினால் அது ஆணையத்தில் செல்லும்?